மூன்று முறை திரும்பி வந்த படகு

அத்தியாயம் ஆறு

"வித்த பொருள் ஒரு தடவை திரும்பி வந்தா அது வியாபாரம். மூணு தடவை வந்தா அது வீட்டு மாப்பிள்ளை" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. எதிரே வழக்கோடு வந்து உட்கார்ந்திருந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. மேடம் மட்டும் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். மிதி பலமாக இருந்தால் விஷயம் பெரிசு என்று அர்த்தம். அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மேடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் க்ளெய்ம் விசாரித்தவர். இப்போது ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு அறை, இரண்டு நாற்காலி, ஒரு நான். கார் ஓட்டுவது, காபி வாங்கி வருவது, கேட்காதபோது பேசுவது ஆகியவை என் வேலைகள். மூன்றாவதை மனதில் வைத்து மேடம் எனக்கு ஸ்பீக்கர் என்று பெயர் வைத்திருந்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா. இவன் கெடக்கான்" என்றார் மேடம்.

அந்த அம்மா தையல்காரி. கைப்பையின் பிடியில் அரை டஜன் ஊசிகள் குத்தியிருந்தன. கணவர் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். ஒரே மகன். முதல் சம்பளத்தில் காற்றடித்து மிதக்கவிடும் ரப்பர் படகு ஒன்றை வாங்கினான். ஞாயிறு தவறாமல் தூண்டிலோடு ஏரிக்குப் போவான்.

"போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை. காலைல பத்து இருபதுக்குப் போயிட்டான்" என்றார். தண்ணீரில் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எங்களுக்குப் புரிந்தது.

மேடத்தின் பேனா நடுவில் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"படகை விக்கணும்னு நான்தான் சொன்னேன். இவர் விளம்பரம் போட்டார். முதல்ல ஒரு சலூன்காரர் வாங்கினார். நாலே நாள்ல காத்து நிக்கலன்னு கொண்டுவந்து போட்டுட்டார். அப்புறம் ஒரு பெயிண்டர். அதுக்கப்புறம் காலேஜ்ல படிக்கற ரெண்டு பசங்க. எல்லாரும் அதே பாட்டு. வாங்கறவங்க யாரோ உள்ள எதையோ கழட்டிட்டுத் திருப்பித் தராங்கன்னு இவர் சொல்றார்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அவர் கைப்பையிலிருந்த ஒரு ஊசியைப் பிடுங்கி மறுபடி அதே இடத்தில் குத்தினார். "சிரிக்காதீங்க. அவனே திருப்பி அனுப்புறானோன்னு இருக்கு. என் மேல கோவத்துல."

நான் சிரிக்கவில்லை.

"தூக்கிப் போட்டுட வேண்டியதுதானே அக்கா?" என்றேன்.

"அவன் ஆசையா வாங்கினது தம்பி. எப்படிப் போடறது? அதுல யாராவது ஒருத்தர் போயிட்டு, நல்லபடியா கரைக்கு வந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அந்த வார்த்தையைக் கேட்டா நான் தூங்கிடுவேன். ஒரு வருஷமா தூங்கல. இன்னைக்கு அஞ்சு மணிக்கு நாலாவது ஆள் வரார். பள்ளிக்கூட வாத்தியார். ரெண்டு சின்னப் பெண் குழந்தைங்களைக் கூட்டிக்கிட்டு ஏரிக்குப் போகணுமாம்."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே கால்.

"அஞ்சுக்குள்ள சொல்லிடறேன்" என்றார்.

சலூனில் கூட்டமில்லை. விசாரணைக்குப் போன இடத்தில் சும்மா உட்காரக் கூடாது என்பது மேடத்தின் கொள்கை. அதனால் என் தலை பலியானது. கத்தரி காதோரம் சத்தம் போட, சலூன்காரர் கதை சொன்னார்.

"மொட்டை மாடியில வச்சு அடிச்சேன் மேடம். கும்முனு நின்னுச்சு. கீழ போய் ஒரு டீ குடிச்சுட்டு வந்தா, போட்டு மிதிச்ச மாதிரி கெடக்கு. காதை வச்சுக் கேட்டேன். வால்வுப் பக்கம் உஸ்ஸுனு சத்தம்."

"ஏரிக்கு எடுத்துட்டுப் போகாம மாடியில ஏன் அடிச்சீங்க?"

"வித்தவரே அப்படித்தான் சொன்னார். ஒரு தடவைக்கு நாலு தடவை சொன்னார். நான் மறந்துடுவேன்னு பேப்பர்ல வேற எழுதிக் குடுத்தார்." இழுப்பறையைத் திறந்து, சீப்புகளுக்கு நடுவிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். 'தண்ணீருக்குக் கொண்டு போகும் முன் வீட்டிலேயே ஒரு மணி நேரம் காற்றடித்து வைத்துப் பார்க்கவும்' என்று கோணல் எழுத்தில் இருந்தது. அடியில் இரண்டு கோடு.

"திருப்பிக் கொண்டு போனப்ப சண்டை போட்டாரா?"

"சண்டையா? முழுப் பணத்தையும் எடுத்துக் கையில வச்சார். வண்டிக் கூலி வேற குடுத்தார். திட்டலாம்னு வீட்டுலேர்ந்து ஒத்திகை பாத்துட்டுப் போனேன் மேடம். எல்லாம் வீணாப் போச்சு."

"ஓட்டை எங்கன்னு கேட்டாரா?"

கத்தரி நின்றது. "இல்லையே" என்றார் சலூன்காரர். "அதைக் கேக்கவே இல்லையே."

காருக்கு வந்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். ஒரு காதுக்கு மேல் முடி இருந்தது, இன்னொன்றுக்கு மேல் இல்லை. சாட்சி பேச ஆரம்பித்தால் இதுதான் வம்பு.

"என்ன தோணுது?" என்றார் மேடம்.

"வாங்கறவங்க ஏமாத்தலன்னு தோணுது. பஞ்சர்காரர்தான் ஆளு."

"எப்படி?"

"பஞ்சர் கடைக்காரர் கிட்ட காத்து இறங்கின எதைக் கொண்டு போனாலும் வாய்ல முதல்ல வர்ற கேள்வி 'எங்க இறங்குது?' அதைக் கேக்கலன்னா அவருக்கு முன்னாடியே தெரியும்."

"தேறிட்டே. ஆனா வீட்டுலயே சோதிச்சுப் பாருன்னு எழுதிக் குடுக்கற மோசடிக்காரனை பத்தொன்பது வருஷத்துல நான் பாத்ததில்ல. வித்த அன்னைக்கே திரும்பி வரணும்னு விக்கறார். தண்ணிக்குப் போகறதுக்கு முன்னாடி வரணும்னு விக்கறார்." மேடம் சீட் பெல்ட்டை மாட்டினார். "அவர் பயப்படறார், ஸ்பீக்கர். ஓட்டு."

பெயிண்டருக்கும் மாணவர்களுக்கும் போன் போட்டோம். அவர்களிடமும் அதே சீட்டு, அதே இரண்டு கோடு. அவர்களிடமும் கேட்கப்படாத அதே கேள்வி.

பஞ்சர் கடையை அடைந்தபோது மணி மூன்றரை. ஒற்றை ஷட்டர் கடை. வாசலில் கம்ப்ரெஸர், பழைய டயர் அடுக்கு, குமிழி பார்க்கும் தண்ணீர்த் தொட்டி. உள்ளே சுவரோரம் சாம்பல் நிறத்தில் மடித்து வைத்திருந்தது படகு. கடைக்காரர் ஒரு சைக்கிள் ட்யூபை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, குனிந்தே பழகிய கழுத்து.

"உங்க மனைவி எங்களை அனுப்பினாங்க" என்று மேடம் நேராக ஆரம்பித்தார். "படகு ஏன் திரும்பி வருதுன்னு கண்டுபிடிக்கச் சொன்னாங்க."

"வாங்கறவங்க பண்ற வேலை" என்றார் அவர், தலை நிமிராமல்.

"உங்க சாவிக் கொத்துல ஒரு வாஷர் மாட்டியிருக்கீங்களே, அது எந்த வண்டியோடது?"

ஆணியில் சாவிக் கொத்து தொங்கியது. நான் அப்போதுதான் கவனித்தேன். சட்டைப் பித்தான் அளவில் ஒரு ரப்பர் வளையம். கடை முழுக்க இருந்த ரப்பர் எல்லாம் கறுப்பு. இது மட்டும் சாம்பல்.

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். எங்களை அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் டயர் அடுக்குக்குப் பின்னால் நகர்ந்தேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவகிட்ட சொல்லாதீங்க" என்றார்.

மேடமும் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்குக் காலைல அஞ்சு மணிக்கு எழுப்பினான். அப்பா, அடியில சின்னதா ஒரு கிழிசல், ஒட்டிக் குடுன்னு கேட்டான். ஒட்டினேன். அந்தப் பசை ஒரு நாள் முழுக்கக் காயணும். டப்பாவுலயே போட்டிருக்கு. முப்பது வருஷமா இதே வேலை பாக்கறேன், எனக்குத் தெரியாதா? இன்னைக்குப் போகாதடான்னு சொல்லியிருக்கணும். கூட்டாளிங்க யாரும் வரல, தனியாத்தான் போறேன், ஓரமா உக்காந்துட்டு வந்துடறேன்னான். எட்டு மணிக்குத் தூக்கிக் குடுத்துட்டேன். மூணே மணி நேரம்." கையைத் துடைத்தார், ஏற்கனவே துடைத்த கையை. "படகு திரும்பி வந்தப்ப காத்தே இல்லாம சுருண்டு கெடந்துச்சு. போலீஸ் ஜீப்புல கொண்டுவந்து போட்டாங்க. ஒட்டோட விளிம்பு தூக்கியிருந்துச்சு. எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"போலீஸ்கிட்ட எதுவும் கேக்கலையா?"

"கேக்கப் பயமா இருந்துச்சு. இவ விக்கணும்கறா. வேணாம்னா ஏன்னு கேப்பா. வித்தா இன்னொருத்தன் பிள்ளை அதுல போய் உக்காருவான். நான் என்ன பண்றது? வால்வு வாஷரைக் கழட்டிட்டு வித்தேன். வீட்டுலயே இறங்கிடும், திரும்பி வந்துடும். இன்னைக்கு வர்றவர் ரெண்டு குழந்தைங்கன்னு வேற சொல்றார்."

சின்னவனும் பெரியவனுமாக எத்தனையோ மோசடிக்காரர்களை மேடத்தோடு பார்த்திருக்கிறேன். பிடிபட்டவனைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது அன்றைக்குத்தான்.

"ஒட்டைச் சோதிச்சீங்களா?" என்றார் மேடம்.

"இல்ல."

"ஒரு வருஷமா?"

"பிரிஞ்சிருந்தா நான் எப்படிங்க உயிரோட இருக்கறது?"

மேடம் எழுந்து சாவிக் கொத்திலிருந்து வாஷரைக் கழற்றினார். "ஸ்பீக்கர், படகைப் பிரி."

நான் பிரித்தேன். வாஷரைப் பொருத்தினேன். கம்ப்ரெஸர் குழாயைச் செருகியதும் படகு மெல்ல எழுந்து கடையையே அடைத்துக்கொண்டு நின்றது. கவிழ்த்துப் போட்டோம். அடியில் உள்ளங்கை அகலத்தில் கறுப்பு ஒட்டு. ஒரு மூலையில் விளிம்பு நகம் அளவுக்குத் தூக்கியிருந்தது. சோப்புத் தண்ணீர் பாட்டிலை மேடம் என்னிடம் கொடுத்தார். ஓட்டை இருந்தால் நுரை கொப்பளிக்கும், அவ்வளவுதான் சோதனை. கடைக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

ஊற்றினேன். நுரை ஒட்டின் மேல் பரவியது. ஒரு குமிழி வரவில்லை. இன்னும் கொஞ்சம் காற்றடித்து, ஏறி முழங்காலால் அழுத்தி, மறுபடி ஊற்றினேன்.

"அண்ணே, பாருங்க."

"வேணாம் தம்பி."

"அண்ணே, ஒண்ணுமே வரல. திரும்புங்க."

அவர் திரும்பினார். குனிந்து பார்த்தார். நம்பாமல் என் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி மொத்தத்தையும் ஊற்றினார். காதை ஒட்டின் மேல் வைத்துக் கேட்டார். நுரை கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

மேடம் இதற்குள் போனை எடுத்திருந்தார். ஏரிக் காவலாளியின் நம்பரைக் காலையிலேயே வாங்கி வைத்திருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை. ஸ்பீக்கரில் போட்டார்.

"படகா? அன்னைக்குத் தட்டினா டொம்முனு சத்தம் வந்துச்சும்மா, அவ்வளவு காத்து" என்றது காவலாளியின் குரல். "நாங்கதான் மூடியைத் திறந்து காத்தை விட்டு மடிச்சோம். ஜீப்புல ஏத்தணும்ல?"

"உள்ள என்ன இருந்துச்சு?"

"தூண்டில், செருகி வைக்கற குழாயில அப்படியே நின்னுச்சு. மிதவைச் சட்டையைக் கழட்டி சீட்டுல வச்சிருந்தான், பாவம். அதைப் போட்டிருந்தா பொழைச்சிருப்பான்."

"படகை எப்பப் பாத்தீங்க?"

"வெறும் படகு சுத்துதுன்னு மதியம் ரெண்டு மணிக்கு ஒருத்தர் வந்து சொன்னார். அவன் விழுந்ததை யாரும் பாக்கல. போலீஸும் காலைலன்னுதான் எழுதினாங்க."

போன் அணைந்தது. கடைக்காரர் இரண்டு கைகளாலும் படகைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். ஒரு வருஷத்து அழுகை. ஒட்டின் மேல் தலையை வைத்து வைத்து எடுத்தார். நானும் மூக்கைச் சிந்தினேன். சந்தோஷத்தில் என் வாய்க்குப் பூட்டு போட மறந்துவிட்டேன்.

"யாருமே பாக்கலன்னா, பத்து இருபதுன்னு அக்கா எப்படி..."

மேடம் என் காலை மிதித்தார். மிதித்தது நேரம் கடந்துதான்.

கடைக்காரர் தலையைத் தூக்கினார். "எது பத்து இருபது?"

நான் மேடத்தைப் பார்த்தேன். காலையில் பேனா நின்றபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது. அதைத் தொடாமலே வழக்கை முடிக்கப் பார்த்திருக்கிறார். நான் கெடுத்துவிட்டேன்.

"எது பத்து இருபதுன்னு கேட்டேன்."

"நான்தான் சொன்னேன்" என்றது ஷட்டரின் அந்தப் பக்கத்துக் குரல்.

தையல்காரம்மா குனிந்து உள்ளே வந்தார். வாத்தியார் வருவதற்கு முன் வந்துவிட வேண்டும் என்று கிளம்பியவர். கடைசிக் கேள்வி மட்டுமே அவர் காதில் விழுந்திருந்தது. வந்தவர் நிமிர்ந்ததும் எதிரே காற்று நிறைந்த படகு. அதைப் பார்த்ததும் வந்த வேலை அவருக்கு மறந்துபோனது. டயர் அடுக்கில் அப்படியே சாய்ந்துகொண்டார்.

"நான் அவன்கிட்ட போன்ல பேசிட்டு இருந்தேங்க" என்றார் கணவரிடம்.

கணவரின் கைகள் படகிலிருந்து நழுவின.

"கடைச் சாவியைக் காணோம்னு போட்டேன். நீ எங்கயாவது பாத்தியாடான்னு கேட்டேன். விட்டு விட்டு வந்துச்சு அவன் குரல். நம்ம வீட்டுல உக்காந்தா டவர் கிடைக்காது, எழுந்து நின்னாத்தான் கிடைக்கும். தினம் நாப்பது தடவை எல்லாரையும் சொல்வேனே, அதே மாதிரி வாய்ல வந்துடுச்சு. கேக்கலடா, எழுந்து நின்னு பேசுன்னேன்." மூச்சு வாங்கினார். "சரிம்மான்னான். எழுந்தான் போல. டப்புனு ஒரு சத்தம். லைன் கட்டாயிடுச்சு. டவர்தான் போச்சுன்னு நினைச்சேன். பதினொரு தடவை போட்டேன். அப்புறம் விட்டுட்டு ஒரு பாவாடைக்கு ஓரம் அடிச்சேங்க. அவன் தண்ணிக்குள்ள இருந்தப்ப நான் ஓரம் அடிச்சுட்டு இருந்தேன்."

"சாவி?" என்றார் கணவர். ஏன் அதைக் கேட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"என் பையிலதான் இருந்துச்சு."

முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். "ரப்பர் படகுல எழுந்து நிக்கக் கூடாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அவனுக்குத் தெரியும். நான் சொன்னேன்னு நின்னான். உங்ககிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா என் முகத்துல முழிப்பீங்களா?"

ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காகத்தான் எங்கள் தொழில். தெரியாமலே இருந்திருக்கலாம் என்று நான் நினைத்த முதல் நாள் அது. மேடம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் மெதுவாக எழுந்தார். மனைவியைத் தொடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கை பின்னால் போய், பலகையிலிருந்த தட்டை லிவரை எடுத்தது. டயரை நெம்பும் அந்த இரும்பின் முனையை ஒட்டின் தூக்கியிருந்த மூலையில் செருகினார். என்னைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். பிறகு ஒரே நெம்பு.

காற்று சீறிக்கொண்டு வந்தது. அந்தச் சத்தத்தில் அந்த அம்மா முகத்திலிருந்து கையை எடுத்தார்.

"கேக்குதா?" என்றார் கணவர். "இந்தச் சத்தம் கேக்குதா உனக்கு? என் ஒட்டு. நான் ஒட்டினது. ஒரு நாள் காய விடணும், மூணு மணி நேரத்துல எடுத்துக் குடுத்தேன். நடுவுல போனதும் விட்டுருச்சு. அவன் நின்னதால விழல. காத்து இறங்கினதால விழுந்தான்."

"பொய்."

"வந்து கையை வச்சுப் பாரு. இவங்க ரெண்டு பேரும் இப்பதான் கண்டுபிடிச்சாங்க. வா."

அந்த அம்மா தயங்கித் தயங்கி வந்தார். பிய்ந்து தொங்கிய ஒட்டைத் தொட்டார். ஓட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தார். விரல் இடுக்கில் காற்று பீறிட்டது. இன்னொரு கையையும் வைத்து அழுத்தினார். நிற்கவில்லை. படகு எங்கள் கண் முன்னால் தொய்ந்துகொண்டே வந்தது.

"மேடம்" என்றார். "நிஜமா?"

மேடம் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. யாருக்காகவும் ஒரு புள்ளியை மாற்றி எழுதாதவர்.

"ஆமாம்மா" என்றார் மேடம். "ஒட்டுதான் விட்டிருக்கு."

அந்த அம்மா கணவரின் பக்கம் திரும்பினார். முதல் அடி அவர் தோளில் விழுந்தது. அடுத்தது நெஞ்சில்.

"ஒரு நாள் இருடான்னு சொல்லக் கூடாதா நீங்க? முப்பது வருஷமா ஒட்டறீங்களே, உங்களுக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் காய வச்சுத் தருவீங்க, என் பிள்ளைக்கு மட்டும் அவசரமா? ஒரே ஒரு நாள்..."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தேன். அப்போதுதான் வாத்தியார் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார். பின்னால் கயிறு, ஒரு பெரிய பை.

"படகு பாக்கணும்னு பேசியிருந்தேன்" என்றார். "நல்லா இருக்குல்ல?"

"விக்கறதா இல்ல சார். ஒட்டு விட்டுப் போச்சு."

"இங்கேயே பஞ்சர் கடை இருக்கே, ஒட்டிக்கலாமே?"

"இல்ல சார்" என்றேன். "இனிமே ஒட்டாது."

அவர் கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். உள்ளே அந்த அம்மா இன்னும் அடித்துக்கொண்டிருந்தார். கணவர் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை.